எழும்பாத எஃப் கட்டை

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது இருபது. ஐந்து வருஷமாகச் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன், கீபோர்டில் எட்டாம் கிரேடும் தேறிவிட்டேன். மேடையில் தனியாக உட்கார்ந்து பீத்தோவன் வாசிக்கிற பியானோக் கலைஞராக வேண்டும் என்று ஆசை. வீட்டில் சொன்னால், 'இது சோறு போடுமால?' என்கிறார்கள். சோவியத் பியானோ மேதை ரிக்டரே 22 வயதில்தான் கன்சர்வேட்டரி என்கிற இசைக் கல்லூரியில் சேர்ந்தாராம். எனக்கும் காலம் இருக்கிறதுதானே?

எம்.

அன்புள்ள தம்பி,

1937இல் மாஸ்கோவில் பியானோ ஆசிரியர் நெய்ஹவுஸிடம் சேர்ந்தபோது ரிக்டருக்கு 22 என்பது சரிதான். ஆனால் அதற்கு முன்பே ஒடெஸா ஓபராவில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்துச் சம்பளம் வாங்கியவர் அவர். 1934இலேயே தனிக்கச்சேரியும் செய்துவிட்டார். பாடகர் குழு எங்கே மூச்சு விடும் என்று பார்த்து ஞாயிறுதோறும் வாசிக்கிறாயே, அதுவும் அந்த வகைப் படிப்புதான். உன் குறை வேறிடத்தில் இருக்கிறது. உன் கைக்குப் பியானோ பழக்கமில்லை.

நான் படித்த பள்ளிக்கூட ஹாலில் ஒரு பழைய பியானோ உண்டு. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் மரம் ஊதிப்போய், நடுவிலிருக்கும் எஃப் கட்டை அமுக்கினால் எழும்பாது. எங்கள் டீச்சர் பாட்டை நிறுத்தாமலே அதை நகத்தால் நெம்பிவிட்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடுவார். வயலின்காரர் தன் வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோகிறார். பியானோக்காரரில் பெரும்பாலோர் போன ஊரில் இருப்பதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

கீபோர்டில் கட்டையை அமுக்கினால் சத்தம் வந்துவிடும். பியானோவில் கட்டை ஒரு சுத்தியலை எறிகிறது. கம்பியில் படுவதற்கு மயிரிழை முன்னால் சுத்தியல் பிடியிலிருந்து நழுவிவிடும், அதற்குமேல் உன் விரலுக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது. எறிகிற வேகம் ஒன்றுதான் உன் வசம். அந்த எறிதலுக்காகத்தான் வருஷக்கணக்கில் உழைக்கிறார்கள். பேர்பெற்றவர்களில் மிகப் பலர் ஐந்தாறு வயதில் தொடங்கியவர்கள். இருபதில் தொடங்கி உலக மேடை ஏறுவது மிகமிகக் கடினம். இதை உன்னிடம் மறைத்தால் துரோகம்.

அதற்காக ராவும் பகலும் வாசித்து ஈடுகட்டப் பார்க்காதே. லியான் ஃபிளைஷர் அமெரிக்காவின் முதல் வரிசைப் பியானோக் கலைஞர். 1964இல் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தானாகச் சுருண்டுகொண்டன. முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு கையையும் சேர்த்துச் சரிவர வாசிக்க முடியவில்லை. பாடம் எடுத்தார், இசைக்குழு நடத்தினார், இடது கைக்கென்றே எழுதிய படைப்புகளை வாசித்தார். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பியானோக் கலைஞர் பால் விட்கென்ஷ்டைனுக்காக இசையமைப்பாளர் ராவெல் எழுதிய, இசைக்குழுவோடு வாசிக்கிற கான்செர்ட்டோ அவற்றில் ஒன்று. ஃபிளைஷரின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். கை வலித்தால் மூடிவைத்துவிட்டு எழுந்துவிடு.

வீட்டில் கேட்பதும் நியாயம்தான். மேடை மட்டும் சோறு போடுவது வெகு சிலருக்கு. ஜெர்மனியின் கிளாரா ஷூமான் எவ்வளவு பெரிய பியானோக் கலைஞர்! கணவர் 1856இல் இறந்த பிறகு ஊர் ஊராகக் கச்சேரி செய்து பிள்ளைகளை வளர்த்தவர், 1878 முதல் ஃபிராங்க்பர்ட்டில் பாடமும் எடுத்தார். பாடம் சொல்லிக்கொடுப்பதும் பாடகர்களுக்கு வாசிப்பதும் இந்தத் தொழிலிலேயே சேர்த்தி என்று வீட்டில் சொல்.

முதலில் ஒரு பியானோ வேண்டும். உங்கள் ஊர் ஊசிக்கோபுரத் தேவாலயத்தைச் சுற்றி அத்தனை பழைய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. எங்காவது ஒன்று பூட்டிக் கிடக்கும். தலைமையாசிரியரைப் போய்ப் பார், கூச்சமாக இருந்தால் சொல், நானும் கூட வருகிறேன். முதல் மாதம் பீத்தோவன் வேண்டாம். ஒரே கட்டையை, சத்தம் வருமோ வராதோ என்கிற அளவுக்கு மெல்ல அமுக்கிப் பார். முதலில் பலதடவை ஒன்றும் கேட்காது. கேட்கிற அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.