பூக்காரருக்கு டேக் பண்ணினால் போதுமா?

வாசகர் கேள்வி–பதில். இந்த இதழில் ஸ்டைல்டு ஷூட் பற்றி, அதாவது நிஜக் கல்யாணம் இல்லாமல், தங்கள் வேலையைக் காட்டுவதற்காக மாடலை வைத்துக் கல்யாணம்போல அமைத்து எடுக்கும் படங்கள் பற்றி வந்த கேள்விகள். பதில் சொல்பவர், மதுரையில் மண்டப அலங்காரமும் கல்யாண ஒருங்கிணைப்பும் செய்துவருகிறவர்.

மேக்கப் கோர்ஸ் முடித்திருக்கிறேன். காட்டுவதற்குச் சொந்தக்காரப் பெண்களின் படங்கள்தான் இருக்கின்றன. ஒரு போட்டோகிராபர், ஒரு டெகரேட்டர், நகை வாடகைக் கடை, ஜவுளிக்கடை எல்லோரும் சேர்ந்து ஸ்டைல்டு ஷூட் பண்ணலாம் என்கிறார்கள். யாரும் யாருக்கும் பணம் தர வேண்டாம், படங்களைப் பகிர்ந்துகொள்வோம் என்று பேச்சு. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

யார் உங்களுக்கு வேலை தரப்போகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள் தங்கச்சி. திண்டுக்கல்லில் உங்களுக்குப் போன் போடப்போகிற பெண் அரக்குப் பட்டும் பூ ஜடையும் கேட்பாள். நீங்கள் வடநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, பாம்பஸ் என்கிற காய்ந்த அலங்காரப் புல்லும் வெளிர் நிற லெஹங்காவுமாக எடுத்து வைத்தால், "அழகா இருக்கு" என்று லைக் விழும், அட்வான்ஸ் வராது. எந்த வீட்டுக் கல்யாணம், எந்தச் சடங்கு, எத்தனை மணி முகூர்த்தம் என்று ஒரு கதையை முடிவு பண்ணிக்கொண்டு அதற்குள்ளேயே நில்லுங்கள். மடிசார் கட்டிய பெண்ணுக்கு வேறு சமூகத்து வழக்கப்படி அலங்காரம் பண்ணி எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். போட்டோகிராபருக்குத் தெரியாது, பார்க்கிற பாட்டிக்கு ஒரு நொடியில் தெரியும்.

அடுத்து, அந்த "யாரும் யாருக்கும் பணம் தர வேண்டாம்". இதில் எனக்குக் கோபமே உண்டு. கடைப் பெயர் உள்ளவர்களுக்கு அது சரி. படம் வெளியே போனால் நாளை அவர்களுக்கு வேலை வரும். மாலை கட்டுகிறவருக்கு என்ன வரும்? பந்தல் கம்பி தூக்கிவரும் பையனுக்கு, புடவைக்கு மடிப்பெடுத்துக் கட்டிவிடும் அக்காவுக்கு, வேன் டிரைவருக்கு? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போய் நின்று, "அண்ணாச்சி, இன்ஸ்டாவில் டேக் பண்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு முழம் தரமாட்டார். கூலிக்கு வருகிறவர்களுக்கு அன்றைக்கே, கையில், பணமாகக் கொடுத்துவிட வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத குழுவில் நான் சேருவதில்லை.

ஆக, பெயர் போடப்படுகிறவர்கள் எல்லோரும் சமமாக ஒரு தொகை போட்டுப் பொதுப்பணம் ஒன்று வையுங்கள். கூலி, இடத்து வாடகை, வண்டி, சாப்பாடு, பூ எல்லாம் அதிலிருந்து. பூவை ஏன் சேர்க்கிறேன் என்றால், உங்கள் மேக்கப் பெட்டி வீட்டுக்குத் திரும்பி வரும், நகை திரும்பிக் கடைக்குப் போகும், புடவை ட்ரை கிளீனிங் போய்விட்டு அலமாரிக்குப் போகும். பூ மட்டும் மறுநாள் குப்பைக்குப் போகும். அந்தச் செலவை டெகரேட்டர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. ட்ரை கிளீனிங் யார் செலவு என்பதையும் முன்னாலேயே பேசுங்கள். ஃபவுண்டேஷன் முதலில் ஒட்டுவது ஜாக்கெட் கழுத்தில்தான். மேக்கப் முடிகிறவரை மாடலுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை ஒன்றைப் போட்டுவிடுங்கள். தலை வழியாகக் கழற்றும் நைட்டி வேண்டாம்.

படப் பட்டியலை முந்தின நாளே போட்டோகிராபர் கையில் கொடுத்துவிடுங்கள். அவரவருக்கு வேண்டிய படம் வேறு. ஜவுளிக்கடைக்கு முந்தானை முழுக்க விரிந்திருக்க வேண்டும். நகைக்கடைக்குக் கை வங்கியும் ஒட்டியாணமும் கிட்டத்தில் வேண்டும். டெகரேட்டருக்கு ஆளே இல்லாத மேடை, நேர்க்கோட்டில், முழுசாக வேண்டும். பூ வாடுவதற்கு முன் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் வந்திருந்தால், அந்தப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து மேலிருந்து ஒன்று. உங்களுக்கு வேண்டியது முகம். கண்ணை மூடி ஒன்று, திறந்து ஒன்று, பின்னால் ஜடை ஒன்று. தோலை வழவழப்பாக்காமல் தரச் சொல்லுங்கள். தேய்த்து மழுக்கிய முகத்தில் உங்கள் வேலை எது, மென்பொருள் வேலை எது என்று யாருக்கும் தெரியாது.

எடிட்டிங் பற்றி இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இப்போது எல்லோரிடமும் ஒரு பழுப்பு ப்ரீசெட், அதாவது படத்தின் நிறத்தை ஒரே தட்டில் மாற்றும் ரெடிமேட் அமைப்பு, இருக்கிறது. போட்டவுடன் படம் பழைய சினிமா மாதிரி ஆகிவிடும். அரக்குப் பட்டு காப்பித்தூள் நிறமாகும், மஞ்சள் சந்தனமாகும், மல்லிகை நேற்றுப் பறித்ததுபோல் மங்கும். அந்தப் படத்தைக் காட்டி ஜவுளிக்கடைக்காரர் புடவை விற்க முடியுமா? வந்த வாடிக்கையாளர் "போட்டோல இருந்த கலர் எங்க?" என்று கேட்பார். ஒரு படத்தைச் சோதனைக்கு எடிட் பண்ணி, குழுவில் போட்டு, எல்லோரும் சரி என்ற பிறகு மற்றதைத் தொடச் சொல்லுங்கள்.

எத்தனை படம், எந்தத் தேதிக்குள், எந்த அளவில், யார் முதலில் போடுவது: இத்தனையும் வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் இருக்கட்டும். யார் யார் பெயர் எப்படி எழுத வேண்டும் என்பதை நகல் எடுத்து ஒட்டும்படி ஒரே செய்தியாக வைத்துவிடுங்கள். மாலை கட்டியவருக்கு இன்ஸ்டா கணக்கு இல்லையென்றாலும், அவர் சம்மதித்தால் அவர் பெயரும் அதில் வரட்டும்.

ஆடி மாதம்தான் எங்கள் எல்லோருக்கும் ஓய்வு. அப்போது கல்யாண ஷூட் வைக்கலாமா? வீட்டில் மாமியார் முகம் சுளிக்கிறார்.
– டெகரேட்டர், சேலம்

தாராளமாக வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால்தான் மண்டபம் சும்மா கிடக்கிறது, நல்ல போட்டோகிராபருக்கு நேரம் இருக்கிறது. மார்கழியைவிட ஆடி மேல். பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். ஆனால் ஆடி வெள்ளி, ஆடிச் செவ்வாய், பதினெட்டாம் பெருக்கு, அமாவாசை பக்கம் போகாதீர்கள். அம்மன் கோயில்களுக்குப் பூ போய்விடும், மிச்சம் இருப்பது யானை விலை. புதன்கிழமை பாருங்கள்.

மல்லிகை வாங்கும் நேரமும் முக்கியம். காலையில் மார்க்கெட்டில் கிடைப்பது இறுகிய மொட்டு. அதைக் கட்டி, ஈரத்துணி சுற்றி, வாழை இலைக்குள் வைத்தால் சாயங்காலம்தான் விரிய ஆரம்பிக்கும். காலை ஷூட் என்றால் ஜடையில் மொட்டுத்தான் தெரியும். எனக்கு அதுவே பிடிக்கும், பச்சைக் காம்பும் வெள்ளை நுனியுமாகச் சரம் கூர்மையாக இருக்கும். சாயங்கால ஷூட்டுக்குப் பூத்த சரம் கேமராவில் மெத்தென்று நிறைந்து தெரியும். நடு மத்தியானம்தான் இரண்டுக்கும் உதவாது.

ஆடிக்காற்று இருக்கிறதே, திறந்தவெளியில் துணிப் பின்னணி கட்டினால் அது உங்களையும் சேர்த்துத் தூக்கும். கம்பி அடியில் மணல் மூட்டை போடுங்கள், குத்துவிளக்கை உள்ளே வையுங்கள்.

மாமியாருக்கு ஒரு சமாதானம்: தாலியை மட்டும் ஷூட்டில் கொண்டுவராதீர்கள். மாலை மாற்றலாம், ஊஞ்சல் வைக்கலாம், மெட்டி போடுவது மாதிரி எடுக்கலாம். நடிப்புக்குத் தாலி கட்டுவது பெரியவர்களுக்கு உறுத்தும். பல மாடல் பெண்களே ஒத்துக்கொள்வதில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடியை மாடலாகப் பிடிக்கலாம் என்று நினைத்தால், ஆடியில் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். மாப்பிள்ளை மட்டும் கிடைப்பார்.

செட்டிநாட்டு வீடு ஒன்றில் எடுக்க ஆசை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சரி என்று சொல்லிவிட்டார். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– போட்டோகிராபர், சிவகங்கை

அவர் சரி சொன்னது போதாது தம்பி. அந்த வீடுகளில் பல இன்றைக்குப் பங்காளிகள் பலருக்குப் பொது. ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில். ஒரு பங்காளி சரி என்று மற்றவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டு, படம் வெளியான பிறகு வரும் போன் நன்றாக இருக்காது. வீட்டுக்காரர்கள் தரப்பில் பேசும் பொறுப்புள்ளவர் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள்; எந்தக் கட்டு வரை போகலாம், சாமி அறைப் பக்கம் போகலாமா என்பதும் அதில் இருக்கட்டும். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் ஹோட்டலாக மாற்றிய வீடுகள் உண்டு. வாடகை கொடுக்க முடிந்தால் அதுதான் தலைவலி இல்லாத வழி.

வெளிச்சம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் பலர் பெண்ணை வளவின், அதாவது திறந்த முற்றத்தின், நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் நேர் மேலிருந்து இறங்கி, கண் இரண்டும் குழியாகத் தெரியும். தாழ்வாரத்தில் தூண் நிழலில் நிறுத்தி, முகம் வளவைப் பார்க்கட்டும். வெளிச்சம் பக்கவாட்டில் பட்டால்தான் ஜரிகை தங்கமாகத் தெரியும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் தகரம்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய அந்தச் சுவர்களும் கண்ணாடிபோல மின்னும், ஃபிளாஷைத் திருப்பி உங்கள் மேலேயே அடிக்கும். மதில் உயரம் என்பதால் வெளியே வெயில் இருக்கும்போதே வளவு இருட்டிவிடும். சாயங்காலம் ஆறு மணியை நம்பித் திட்டம் போடாதீர்கள். எந்த நேரத்து வெளிச்சம் வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: புடவை கட்ட, ஜடை தைக்க, மேக்கப் போட. நாலு மணிக்குப் படம் என்றால் மாடல் பெண் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் கூடுதல் கவனம். அது சிமென்ட் கல், எண்ணெயையும் மஞ்சள் தண்ணீரையும் குடித்துவிடும். விளக்கடியில் தாம்பாளம், ஸ்டாண்டு கால்களில் துணி, கோலத்துக்கு வெறும் அரிசி மாவு. ஆரத்தித் தட்டை வாசலுக்கு வெளியே வையுங்கள்.

சேர்ந்து பண்ணிய ஷூட்டில் நான் எடுத்த படத்தை ஜவுளிக்கடை பெரிய பேனராக அடித்து ரோட்டில் வைத்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரிமை யாருக்கு?
– போட்டோகிராபர், ஈரோடு

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பொதுவாக உரிமையும் அவருக்கே. ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் கேட்டு, அதற்குப் பிரதிபலன் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் அந்த ஒருவர்தான். காசு வாங்கி எடுக்கிற கல்யாணப் படங்கள் இதில்தான் வரும். உங்கள் ஷூட்டில் பணம் கைமாறவில்லை, ஆகவே பலம் உங்கள் பக்கம். புடவை கொடுத்ததே பிரதிபலன்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடிப் பார்க்கலாம்.

கோர்ட்டுக்குப் போகிற விஷயமா இது? கடையின் இன்ஸ்டாவைப் பார்க்கும் பையனிடம் சண்டை போடாமல் முதலாளியை நேரில் பாருங்கள். பேனரில் பெயர் போடச் சொல்லுங்கள், அடுத்த தீபாவளி விளம்பரப் படங்களைக் காசு கொடுத்து உங்களிடமே எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அது கௌரவமான வழி.

இனிமேல் ஷூட்டுக்கு முன்பே எழுதுங்கள்: சமூக வலைதளத்தில் போடலாம், பேனர், பத்திரிகை விளம்பரம் என்றால் தனியாகப் பேச வேண்டும். காலமும் எழுதுங்கள்; உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பேனரில் நிற்கிற பெண்ணைக் கடைக்காரர் கேட்டாரா என்பதையும் விசாரியுங்கள்.

மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தங்கரையில் ஷூட் வைக்க முடியுமா?
– வாசகர், விருதுநகர்

முடியாது. 2018இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு அங்கே பக்தர்களே செல்போன் கொண்டுபோக முடியாது. கல்தூண் உள்ள பழைய மண்டபம் ஏதாவது வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

என் மகளைக் கல்யாணப் பெண் மாடலாக நிற்கக் கூப்பிடுகிறார்கள். இன்னும் வரன் பார்க்க ஆரம்பிக்கவில்லை. அனுப்பலாமா?
– ஓர் அம்மா, தேனி

அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று முதலில் அவளைக் கேளுங்கள் அம்மா. ஆசை இருந்தால் அனுப்பலாம், சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டு. படங்கள் எங்கெங்கே போகும். மேட்ரிமோனி விளம்பரத்துக்கும் பேனருக்கும் கொடுக்கமாட்டோம் என்று எழுதித் தருவார்களா. பக்கத்தில் நிற்கப்போகிற பையன் யார், கையைப் பிடிப்பது வரைக்கும்தானா. உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா. வெளியிடும் முன் படங்களை அவள் பார்த்து, வேண்டாததை நீக்கச் சொல்லும் உரிமையும் கேளுங்கள். நல்ல குழு இதற்கெல்லாம் முகம் கோணாது. முகம் கோணினால், "வேறு ஆள் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள்.

சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். பட்டும் நகையும் மாலையும் சுமந்துகொண்டு பாதி நாள் நிற்பது சாதாரண வேலை இல்லை. கூடவே நீங்களும் போங்கள், ஒரு பிளாஸ்க் மோரும் ஸ்ட்ராவும் எடுத்துக்கொண்டு. லிப்ஸ்டிக் போட்ட பிறகு யாரும் அவளைக் குடிக்க விடமாட்டார்கள்.