உயரம் தவறிக் கேட்டால்: விமானி, கட்டுப்பாட்டு அறை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கட்டுப்பாட்டு அறை தரும் அனுமதியை (கிளியரன்ஸ்) ரேடியோவில் திருப்பிச் சொல்லும்போது "டு" (to) வந்தால் இன்ஸ்ட்ரக்டர் திட்டுகிறார். அவ்வளவு பெரிய விஷயமா சார்?

பதில்: 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங். சிங்கப்பூரிலிருந்து வந்த ஃப்ளையிங் டைகர் 66, போயிங் 747 சரக்கு விமானம். தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டியை (என்.டி.பி.) வைத்து 33-ஆம் ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் சொன்னது "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ". அவர் நினைத்தது 2,400 அடி. "டூ" (two) என்ற எண் விமானி காதில் "டு" (to) ஆகி, "டு 400" என்று விழுந்தது. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று பதில் போனது, யாரும் திருத்தவில்லை. தரை நெருங்கும் எச்சரிக்கை ஒலித்தும் விமானத்தை மேலே எடுக்கவில்லை. மலைச்சரிவில் மோதி நால்வரும் இறந்தார்கள்.

"டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்றிருந்தால் அதை 400 என்று கேட்க வழியே இல்லை. பிரிட்டிஷ் நடைமுறை இன்னும் கறார். ஃப்ளைட் லெவலுக்கு (நூறு அடிக் கணக்கில் சொல்லும் உயரம்; 120 என்றால் 12,000 அடி) "டு" கிடையாது: "கிளைம்ப் ஃப்ளைட் லெவல் ஒன் டூ ஸீரோ". அடிக்கணக்கில் சொன்னால் "டிசெண்ட் டு ஆல்டிட்யூட்", அதன் பிறகே எண். இன்னொன்று: வெறும் "ரோஜர்" (கேட்டது) என்பது திருப்பிச் சொல்வது (ரீட்பேக்) ஆகாது.

கேள்வி: ஃப்ளைட் லெவல் 100-ஐ ஏன் "ஒன் ஹண்ட்ரட்" என்கிறார்கள்?

பதில்: "ஒன் ஸீரோ ஸீரோ", "ஒன் ஒன் ஸீரோ" இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். நடுவில் இருப்பது 1,000 அடி. இரண்டு விமானங்களுக்கு இடையே விடும் செங்குத்து இடைவெளியே அவ்வளவுதான்.

கேள்வி: எண்ணைச் சரியாகக் கேட்டும் உயரம் தவறுமா?

பதில்: நல்ல கேள்வி. உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தத்தை (க்யூ.என்.எச்.) கட்டுப்பாட்டாளர் "நைன் நைன் டூ" என்கிறார், அதாவது 992 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு). அங்குலக் கணக்கில் பழகிய விமானி 29.92 என்று திருகிவிடுகிறார். அது 1013 ஹெக்டோபாஸ்கல். வித்தியாசம் 21, ஒன்றுக்குச் சுமார் 27 அடி வைத்தால் ஏறக்குறைய 570 அடி. உயரமானி 2,500 காட்டும்போது விமானம் 2,000 அடிக்கும் கீழே. ஆயிரத்துக்குக் குறைந்த அழுத்தத்தோடு "ஹெக்டோபாஸ்கல்" என்று சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கட்டுப்பாட்டாளர் வேலைக்கு என்ன தேர்வு எழுத வேண்டும்?

பதில்: விமான நிலைய ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். இங்கே வேண்டாம்.

கேள்வி: சர்க்கி தாத்ரியும் மீட்டர், அடி குழப்பம்தானே?

பதில்: இல்லை. 1996 நவம்பர் 12, டெல்லிக்கு அருகே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கசாக் இல்யூஷின் விமானத்துக்கு லெவல் 150 வரை இறங்க அனுமதி, எதிரே வந்த சவுதி 747-க்கு லெவல் 140. கசாக் விமானம் "150 வந்தாயிற்று" என்று சொல்லிவிட்டு அதற்கும் கீழே இறங்கியது. விபத்தை விசாரித்த லஹோத்தி கமிஷனும் அதைத்தான் சொன்னது.

கேள்வி (அவரே): எதிரே வருவது 140-இல் என்று அறையே சொன்னதே! அந்த எண்ணைத் தனக்கு என்று எடுத்திருக்கலாம் அல்லவா?

பதில்: இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது போக்குவரத்துத் தகவல், கிளியரன்ஸ் அல்ல. நீங்கள் பார்க்க வேண்டிய இடம் கசாக் விமானத்தின் காக்பிட். ரேடியோவில் பேசியவர் தனி ஆபரேட்டர். அவர் முன்னால் உயரமானி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். பேசுபவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர்.

கேள்வி (இன்னொருவர்): அப்போ டெல்லி அறைமேல் தப்பே இல்லையா அண்ணா?

பதில்: அங்கே அன்று இருந்தது முதன்மை ரேடார் மட்டும். திரையில் புள்ளி தெரியும், உயரம் தெரியாது. விமானி சொன்னதை நம்புவதைத் தவிர வழியில்லை. குறை அறையில் இருந்தவர் மேல் அல்ல, அவருக்குக் கொடுத்த கருவி மேல். வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனி வழி விட்டதும், விமானங்களில் டிகாஸ் (மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி) கட்டாயம் ஆனதும் அதற்குப் பிறகே.

கேள்வி: "டு" சொல்லலாமா கூடாதா சார்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: டிகாஸ் ஏறு என்கிறது, அறை இறங்கு என்கிறது. எதைக் கேட்பது?

பதில்: டிகாஸை. ஜெர்மனியின் ஊபர்லிங்கன், 2002: ஒரு விமானம் டிகாஸை விட்டு அறை சொன்னதைக் கேட்டது; நடுவானில் மோதி 71 பேர் இறந்தார்கள்.

கேள்வி: இரண்டு விமானிகளும் வேறு வேறு எண் கேட்டிருந்தால்?

பதில்: தங்களுக்குள் விவாதிக்கக் கூடாது. ஒருவர் எண்ணை உயரம் தேர்வு செய்யும் கருவியின் ஜன்னலில் (எண் காட்டும் திரை) வைத்து விரலால் காட்ட வேண்டும். மற்றவர் நினைவிலிருந்து அல்ல, ஜன்னலைப் பார்த்தே படிக்க வேண்டும். ஒத்துப்போகவில்லையா, உடனே அறையிடம் "கன்ஃபர்ம் லெவல்". "நான் 80 சதவீதம் உறுதி" என்று யாராவது சொன்னாலும் கேட்டுவிட வேண்டியதுதான்.

கேள்வி: அவசரத்தில் ரோஜர் மட்டும் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. மேலே இருக்கிறது, படியுங்கள்.