மணிச்சத்து குறைந்த புஞ்சையில் மரத்துக்கு நொதித் திரவம் ஊற்றலாமா?

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் புஞ்சையில் ஆறு வயது வேம்பும் புளியும் வைத்திருக்கிறேன். மண்வள அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ‘குறைவு’ என்று வந்திருக்கிறது. வேரில் ஊற்ற நொதித் (என்சைம்) திரவம் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று அட்டை எழுதுகிறது. ஆனால், அது சோதனைக் கரைசலில் எளிதில் பிரிந்துவரும் மணிச்சத்தின் கணக்கு மட்டுமே. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகிக் கிடப்பதும், மக்கிய சருகுக்குள் அடைபட்டிருப்பதும் அதில் பெரும்பாலும் சேராது.

மரம் கைவைப்பது அந்த இருப்பில்தான். மணிச்சத்துக்குப் பஞ்சம் வந்தால் நுனிவேர்கள் பாஸ்படேஸ் என்னும் நொதியைக் கூடுதலாகச் சுரக்கின்றன. மக்கிலுள்ள பிணைப்பை அது அறுத்துவிட, விடுபட்ட மணிச்சத்தை வேர் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பு பிடித்துவைத்திருப்பதை வேர் கசியவிடும் கரிம அமிலங்கள் இளக்குகின்றன. வேருக்கு எட்டாத இடத்திலிருந்து, வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சை கொண்டுவந்து சேர்க்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் புளியடியில் சருகை விலக்கி இரண்டு விரற்கடை ஆழம் மெல்லக் கிளறிப் பாருங்கள்: பாதி மக்கிய இலையோடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வேர்கள் பின்னியிருக்கும். வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் ஈர மண்ணில்தான் நொதியின் வேலை நடக்கிறது.

நொதி என்பது ஒரு புரதம். குடத்தில் கரைத்து ஊற்றினால் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும், நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மிஞ்சுவது முகவரின் லாபம். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத கேனோடு வீடு தேடி வருபவரிடம், வேர்ப்பூஞ்சை உரம் என்று சொன்னாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய கேடு, தோப்பைச் சுத்தமாக வைப்பதாக எண்ணிச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதும், மரத்தடி வரை ஆழ உழுது நுனிவேரை அறுப்பதும் ஆகும்.

பயிருக்காக 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுத்துச் சொல்லும் பரிந்துரையை ஆழவேர் ஓடும் மரத்துக்கும் அப்படியே பொருத்துகிறார்கள். 2015இல் அட்டைத் திட்டம் தொடங்கியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

மரத்துக்கு வெளியிலிருந்து மணிச்சத்து இட வேண்டியதில்லை என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் கவனமாகப் படியுங்கள். கிராவலுக்காக மேல்மண்ணைச் சுரண்டி எடுத்த நிலமாக இருந்தால் அங்கே மக்கு இல்லை, மக்கு இல்லாத இடத்தில் நொதிக்கு வேலையும் இல்லை. அங்கே கன்று வைக்கும்போதே குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரமும், மண் அமிலத்தன்மை உடையதானால் பாறையைப் பொடித்த மணிச்சத்து உரமான ராக் பாஸ்பேட்டும் இட வேண்டும். அட்டையில் கார அமில நிலை (pH) 7-க்கு மேல் இருந்தால் ராக் பாஸ்பேட் கரையாமல் கிடக்கும் என்பதால் எளிதில் கரையும் சூப்பர் பாஸ்பேட் இடுங்கள். கன்று வளர்ந்து, உதிர்ந்த சருகு தரையை மூடத் தொடங்கியதும் அதையும் நிறுத்திவிடலாம்.