391 பகா எண்ணா? காரணிப்படுத்தல் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என் மகள் 391-ஐ 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பகா எண் என்று எழுதிவிட்டாள். எதுவரை பார்க்க வேண்டும்?

பதில்: பாவம், ஒரு படி முன்னால் நின்றுவிட்டாள். 17-ஆல் வகுத்திருந்தால் 17 × 23 என்று பிரிந்திருக்கும். 20 × 20 = 400; 391 அதைவிடச் சிறியது. ஆகவே இரண்டு காரணிகளும் ஒருசேர 20-ஐத் தாண்ட வழியில்லை; ஒன்றாவது அதற்குக் கீழே இருக்கும். இந்த அளவு எண்ணுக்கு 19 வரை பார்த்தால் போதும்.

கேள்வி: 1 ஏன் பகா எண் இல்லை?

பதில்: அதைச் சேர்த்துக்கொண்டால் 6-ஐ 2 × 3, 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று எழுதிக்கொண்டே போகலாம். பகாக் காரணிகள் ஒரே விதமாகத்தான் அமையும் என்ற அடிப்படைத் தேற்றம் குலைந்துவிடும்.

கேள்வி: அண்ணா, 8051-ஐ 47 வரை வகுத்துக் களைத்துவிட்டேன். குறுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா சொன்ன வழி. அந்த எண்ணுக்குச் சற்று மேலே உள்ள வர்க்கத்தைப் பிடியுங்கள்: 90² = 8100. அதிலிருந்து 8051-ஐக் கழித்தால் 49. அதுவும் ஒரு வர்க்கம், 7². பள்ளியில் படித்த a² − b² சூத்திரம் நினைவிருக்கிறதா? (90 − 7)(90 + 7), அதாவது 83 × 97. இரண்டும் பகா எண்கள். மீதி வர்க்கமாக அமையாவிட்டால் 91², 92² என்று மேலே போக வேண்டும். காரணிகள் அருகருகே இருந்தால்தான் இது வேகம். ஒன்று மிகச் சிறிதாக இருந்தால் சாதாரண வகுத்தலே மேல்.

கேள்வி: ராமானுஜன் எண் 1729-ஐ மனக்கணக்காகப் பிரிக்க முடியுமா?

பதில்: 7 × 11 × 13 = 1001 என்பதை மனத்தில் வையுங்கள். 1729 − 1001 = 728. அது 7 × 13 × 8. எனவே 1729-உம் 7, 13 இரண்டாலும் வகுபடும்; மூன்றாவது காரணி 11 + 8 = 19. எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

கேள்வி: கணினி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு, சார்?

பதில்: கணினியும் திணறுகிறது. ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறை அந்தத் திணறலை நம்பித்தான் நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பெருக்குத்தொகையைப் பிரிப்பது அப்படியல்ல. ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020-இல்தான் பிரித்தார்கள். கணினிச் செயலியின் ஒரே ஒரு உள்ளகத்திடம் (core) விட்டிருந்தால் அதற்கு ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் பிடித்திருக்கும்.