கை ஏன் போனுக்குப் போகிறது?

கேள்வி: எனக்கு வயது 34. அலுவலக வேலை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், கூடவே மாமியார். பதவி உயர்வுக்காகக் கணக்கியல் தேர்வு எழுத வேண்டும் என்று இரண்டு வருடங்களாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இரவு ஒன்பதுக்குப் புத்தகத்தோடு உட்காருவேன். நடுவில் போன், மகனின் கூப்பாடு, மாமியாரின் மாத்திரை. பதினோரு மணிக்குப் பார்த்தால் நான்கு பக்கம்கூட நகர்ந்திருக்காது. டைம்டேபிள் போட்டாலும் மூன்றாம் நாளே கைவிட்டுப்போகிறது. எனக்கு மன உறுதி இல்லையா? காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கலாமா? தேர்வுக்கு இப்போதே பணம் கட்டட்டுமா, படித்து முடித்துவிட்டுக் கட்டட்டுமா?

பதில்: மன உறுதி இல்லாதவர் வேலைக்கும் போய், வீட்டையும் கவனித்து, இரண்டு வருடமாக ஒரே தேர்வை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் கவலையை விடுங்கள்.

போன், மகன், மாமியார் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். மகனுக்கும் மாமியாருக்கும் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். போன் அப்படியா? கிளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலகங்களில் வேலை செய்பவர்களைக் கூடவே இருந்து கவனித்தவர். வேலை தடைபடுவதில் கிட்டத்தட்டப் பாதி, யாரும் கூப்பிடாமல் அவரவரே நிறுத்திக்கொள்வதுதான் என்று அவர் கண்டார்.

எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் விஷயம். தேய்மானக் கணக்கு, அதாவது ஒரு பொருளின் மதிப்பு வருடாவருடம் எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு போடுகிறீர்கள் என்று வையுங்கள். இயந்திரத்தின் விலை, சதவீதம், முதல் வருடம், இரண்டாம் வருடம் எல்லாம் சரசரவென்று வரும். மூன்றாம் வருட நடுவில் இயந்திரத்தை விற்றுவிட்டார்கள் என்று கேள்வி திரும்பும். எத்தனை மாதத்துக்குத் தேய்மானம் போடுவது? லாபமா நட்டமா? அந்த நொடியில்தான் 'மணி என்ன ஆச்சு' என்று கை போனுக்குப் போகும். அலுப்பால் அல்ல, குழப்பத்திலிருந்து தப்பிக்கப் போகிறது. இன்று இரவு கவனித்துப் பாருங்கள், தெரியும்.

அதனால் அந்த இடத்துக்கு முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்துவந்த வழி இது: 'நன்றாகப் படிப்பேன்' என்று தீர்மானம் எடுப்பதைவிட, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று குறிப்பாக முடிவு செய்துவைத்தால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு இரண்டு போதும். மகன் தூங்கியதும் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு மேஜைக்கு வருவேன். கணக்கில் சிக்கினால், கேள்வியை வேறு தாளில் ஒருமுறை திருப்பி எழுதுவேன். போனைச் சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைப்பதெல்லாம் போதாது. எழுந்து நடந்துபோய் எடுக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். பள்ளி வாட்ஸப் குரூப்பை அதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். அதில் தலைபோகிற விஷயம் எதுவும் வருவதில்லை!

இனி வீட்டு மனிதர்கள். மாத்திரை நேரம் தினமும் மாறப்போவதில்லை. கொடுத்துவிட்டே உட்காருங்கள். மகன் நடுவில் விழித்துக் கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் ஒரு வரி குறித்துவிடுங்கள்: 'ஏழாவது கணக்கு. ஜூன் 30-இல் விற்பனை, ஆறு மாதத் தேய்மானம் போட்டாச்சு. அடுத்து லாபம் / நட்டம்.' பத்து விநாடி வேலை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழுந்தால் மனதின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது என்று 2009-இல் எழுதிய ஆய்வாளர் சோஃபி லெராய், அதற்குப் பிந்தைய ஆய்வில் பரிந்துரைத்ததும் இந்த மாதிரிக் குறிப்பைத்தான். மகனிடமும் எரிந்து விழ மாட்டீர்கள். திரும்பி வந்ததும் முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் வீட்டில் இருப்பவர் என்றால் அந்த நேரத்துக் கூப்பாடுகளை அவரிடம் ஒப்படையுங்கள்.

நான்கு மணிக்கு எழுவதா? பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். படித்தது மூளையில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். ஒன்பதுக்கே படுக்க முடியுமென்றால் தாராளமாக எழுந்திருங்கள்.

டைம்டேபிளை மட்டும் சுருக்குங்கள். தினம் இரண்டு மணி நேரம் என்பது உங்கள் வீட்டில் நடக்காது. வாரம் நான்கு இரவு, நாற்பது நிமிடம், இப்போதைக்கு அவ்வளவுதான். ஒருநாள் தவறினால் தவறட்டும். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. நடுவில் ஒருநாள் விட்டுப்போனது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. மூன்றாம் நாள் தவறியதற்காக நீங்கள் டைம்டேபிளையே தூக்கிப் போட்டிருக்க வேண்டியதில்லை.

அப்புறம் பணம். முதலில் ஒரு பாடத்தை முடிக்க எத்தனை இரவு ஆகிறது என்று பாருங்கள். அதை மீதிப் பாடங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். திருப்பிப் பார்க்க ஒரு மாதம் மிஞ்சும் என்றால் வருகிற தேர்வுக்கே கட்டுங்கள், இல்லையென்றால் அதற்கடுத்ததற்கு. 'படித்து முடித்துவிட்டு' என்று மட்டும் வைக்காதீர்கள். உங்கள் இரண்டு வருடமும் அந்த வார்த்தையில்தான் போயிருக்கிறது.