புது மடம்: கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அச்சுவேலிப் பக்கம் எங்கள் சபைக்கு 8 பரப்புக் காணி கிடைத்திருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் 9 சகோதரிகளும் அங்கே மடம் கட்டிக் குடியேற வேண்டும். பணம் சிறுகச் சிறுகத்தான் வரும். மூத்தவர்கள் சிற்றாலயத்தை முதலில் கட்டச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சகோதரி, மூத்தவர்களின் ஆசை நியாயமானது. ஆனாலும் நான் கிணற்றிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

அச்சுவேலி இருக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கொஞ்ச மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். அது வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மலக்குழித் தண்ணீர் சரியாக வடிபடாமலே அதற்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். 50 அடி தள்ளி வெட்டினால் போதும் என்று மேசன்மார் சொல்லுவார்கள். இந்தக் கல்லில் அதை நம்பி இருக்க முடியாது. உங்களிடம் அரை ஏக்கர் இருக்கிறது. கிணறு ஒரு மூலை என்றால் குழி எதிர் மூலைக்குப் போகட்டும். பக்கத்து வளவுக் கிணறுகளையும் படத்தில் குறியுங்கள், அவர்களும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

அடி திறந்த குழி வேண்டவே வேண்டாம். அடிக்குக் கொங்கிறீற் போட்டு, சுவருக்கு உள்ளே சீமெந்து பூசி, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் ஒழுக்கு இருக்கிறது. மண் மூட முன்னரே திருத்த வேண்டும். வெளியேறும் நீரை ஆழக் குழிக்கு விடாமல், மண்ணும் சல்லியும் போட்டு உயர்த்திய பாத்திக்கு விட்டு வாழை நடுங்கள்.

கிணற்று நீரில் கிருமியோடு நைத்திரேற்றையும் சோதியுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உதவாது, கொதிக்க வைத்தாலும் அது போகாது. தோட்டப் பசளையும் இதற்கு ஒரு காரணம். 1928இல் செபமாலைத் தாசர் சபை தொடங்கிய தோலகட்டி மடத்தைப் போல நீங்களும் தோட்டம் வைக்க விரும்பலாம். நல்லது, எருக்கும்பியைக் கிணற்றடியில் மட்டும் போடாதீர்கள். மாரிக்கு முன் கூரைப் பீலியும் தொட்டியும் பூட்டுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழைக்கே 900 லீற்றர் விழும்.

அப்புறம் கட்டடம். முதல் கட்டத்தில் படுக்கை அறைகள், குசினி, ஒரு பெரிய அறை. திருச்சபைச் சட்டப்படி துறவற இல்லத்தில் ஒரு செப அறையாவது இருக்க வேண்டும். அந்தப் பெரிய அறை அதற்குப் போதும். சிற்றாலயம் எழும்பிய பிறகு அதுவே சாப்பாட்டறை ஆகலாம். ஆகவே குசினியை ஒட்டியே அதைக் கட்டுங்கள். சிற்றாலயத்துக்கான இடத்தை இப்போதே அளந்து முளை அடித்து விடுங்கள், அதில் ஒரு குழாய்கூடப் போகக் கூடாது. சந்திப்பு அறை படலையடியில் இருக்கட்டும். வருகிறவர்கள் உள்முற்றத்தைத் தாண்டத் தேவையில்லை. முழங்கால் நோவுள்ள சகோதரிகளுக்குக் கீழ்த்தளத்தில், செப அறைக்குப் படி ஏறாமல் போகக்கூடிய அறைகளைக் கொடுங்கள்.

இது புதிய இல்லம் என்றால் ஆயரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது கைக்கு வந்த பிறகு படத்தைப் பிரதேச சபைக்குக் கொடுங்கள்.