செம்பு கொழிக்கும் ஜாம்பியா 2020இல் ஏன் கடன் தவறியது?

செம்பு இருந்தும் எப்படி என்று கேட்கிறீர்கள். சிக்கலே அங்குதான்: ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 70 சதவீதம் அந்த ஒரே உலோகம். விலை நன்றாக இருந்த 2012இல் 75 கோடி டாலர் கடன் பத்திரத்தை 5.375 சதவீத வட்டிக்கு விற்றார்கள். செம்பு விலை சரிந்த 2015இல் வாங்கிய 125 கோடிக்கு வட்டி கிட்டத்தட்ட 9 சதவீதம்!

அதைவிடக் கொடுமை நாணயச் சரிவு. அரசுக்கு வரி வருவது பெரும்பாலும் உள்நாட்டு நாணயமான குவாச்சாவில், கடன் டாலரில். 2013இல் ஒரு டாலர் சுமார் 5 குவாச்சா. 2020 இறுதியில் 20ஐத் தாண்டியது. 2020 நவம்பரில் கட்டத் தவறிய வட்டித் தவணை 4.25 கோடி டாலர். பழைய மதிப்பில் சுமார் 21 கோடி குவாச்சா போதும். அப்போதோ 85 கோடிக்கு மேல். டாலர் கடன் வாங்கும் நாடு வட்டியை மட்டும் பார்க்கக் கூடாது. நாணயம் பாதியாகச் சரிந்தால் தவணை என்னவாகும் என்பதையும் முதலிலேயே கணக்குப் போட வேண்டும்.